கல்லுக்காக வரைந்த கோடு: இவான் பிலிபினின் வசிலிசா

அடர்ந்த காடு, இருட்டு. ஒரு பெண் கையில் கழியைப் பிடித்தபடி நிற்கிறாள். கழியின் நுனியில் ஒரு மண்டையோடு. அதன் கண்குழிகளிலிருந்து வெளிச்சம் பாய்கிறது. அவள் விட்டு வந்த குடிசை பின்னால் தெரிகிறது. ரஷ்ய ஓவியர் இவான் பிலிபின் 1899-இல் வரைந்து, 1902-இல் புத்தகமாக அச்சேறிய ‘அழகி வசிலிசா’ கதையின் படம் இது. ரஷ்ய மாயக்கதை என்றாலே இன்று பலர் மனக்கண்ணில் வந்து நிற்பது இந்தப் படமும் இதன் உடன்பிறப்புகளும்தான்.

கதை ரஷ்ய நாட்டுப்புறவியலாளர் அலெக்சாந்தர் அஃபனாசியேவ் 1855 முதல் 1863 வரை வெளியிட்ட நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் உள்ளது. வீட்டில் நெருப்பு அணைந்துபோகிறது. சிற்றன்னை வீட்டார் வசிலிசாவைக் காட்டுக் கிழவி பாபா யாகாவிடம் நெருப்பு வாங்கிவர விரட்டுகிறார்கள். பாபா யாகா உரலில் ஏறிப் பறப்பவள். உலக்கையால் உந்துவாள், போன தடத்தைத் துடைப்பத்தால் அழித்துக்கொண்டே போவாள். உரலும் உலக்கையும் துடைப்பமும் நம் வீட்டுச் சாமான்கள் என்பதால் தமிழில் இந்தக் கிழவிக்கு அடிக்குறிப்பே தேவைப்படுவதில்லை. கோதுமையில் கலந்த கருவிதையைப் பொறுக்கு, கசகசாவில் ஒட்டிய மண்ணைப் பிரி என்று அவள் வேலை ஏவுகிறாள். சாகும்போது தாய் கொடுத்துவிட்டுப் போன சின்னப் பொம்மை வசிலிசாவுக்கு அந்த வேலைகளை முடித்துத் தருகிறது. கடைசியில் அந்த மண்டையோட்டு நெருப்போடு அவள் வீடு திரும்ப, அதன் பார்வை பட்டே சிற்றன்னையும் மகள்களும் கரிந்து சாம்பலாகிறார்கள்.

இந்தக் கதைக்குப் பிலிபின் வரைந்தவற்றில் மூன்று படங்கள் குதிரைவீரர்கள்: வெள்ளைக் குதிரையில் வெள்ளையன், சிவப்புக் குதிரையில் சிவப்பன், கறுப்புக் குதிரையில் கறுப்பன். பகல், சூரியன், இரவு. மூவரும் தன் ஏவலாட்கள் என்று பாபா யாகா சொல்கிறாள். ஒரு படத்துக்கு ஒரே நிறத்தை ஆளவைத்து, காட்டையும் வானத்தையும் அதற்கு அடங்கி நிற்கச் செய்வது ஓவியரின் கற்பனை மட்டுமல்ல. அந்தப் படம் எந்த இயந்திரத்தில் அச்சாகப்போகிறது என்பதைத் தெரிந்துவைத்திருந்தவரின் முடிவும்கூட. பிலிபினைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய ஓரச்சட்ட அலங்காரங்களையும் ரஷ்யத் தன்மையையும் பற்றி நிறையச் சொல்கிறார்கள். அச்சுக்கூடத்தைப் பற்றி அநேகமாக ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். அந்த ஒரு வரியைத்தான் விரித்துப் பார்க்க வேண்டும். அந்தத் தடித்த கறுப்புக் கோடும், சாயல் மாறாத தட்டை நிறமும் எங்கிருந்து வந்தன என்பதற்குப் பாதிப் பதில் அங்கே இருக்கிறது.

பணம் அச்சடித்த கூடம்

பிலிபினின் முதல் ஆறு கதைப்புத்தகங்களை வெளியிட்டது குழந்தைகள் பதிப்பகம் அல்ல. பீட்டர்ஸ்பர்க்கில் 1818-இல் தொடங்கப்பட்ட ‘அரசுத் தாள்கள் தயாரிப்புக் கூடம்’. ரூபிள் நோட்டும் கடன்பத்திரமும் முத்திரைத்தாளும் அச்சடிக்கும் இடம். 1890-களில் இவான் ஓர்லோவ் என்ற தொழில்நுட்பர் பல நிறங்களை ஒரே அழுத்தத்தில் தாளில் பதிக்கும் முறையை அங்கேதான் உருவாக்கினார். கள்ளநோட்டுக்காரர்களுக்கு எட்டாத அளவு நிறம் துல்லியமாகப் பொருந்த வேண்டும் என்ற கவலையிலேயே வாழ்ந்த தொழிலாளர்கள் அவர்கள். அந்தக் கைகளிடம் ஒரு குழந்தைக் கதைப்புத்தகத்தை ஒப்படைத்தால் என்ன கிடைக்குமோ அதுதான் கிடைத்தது.

1901 முதல் 1903 வரை ஆறு புத்தகங்கள் வந்தன: நெருப்புப் பறவையும் சாம்பல் ஓநாயும் வரும் இவான் இளவரசன் கதை, தவளை இளவரசி, ஃபினிஸ்த் வல்லூறு, வசிலிசா, அல்யோனுஷ்காவும் தம்பி இவானுஷ்காவும், மாரியா மொரேவ்னா. ஒவ்வொன்றும் 12 பக்கம். ஏறக்குறைய 32 சென்டிமீட்டர் உயரமும் 25 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட, நோட்டுப்புத்தகம்போல் மெல்லிய பெரிய ஏடு. தடித்த அட்டை கிடையாது. மடியில் விரித்தால் ஒரு பக்கமே குழந்தையின் நெஞ்சு அகலத்துக்கு வரும்.

ஓவியருக்கு அப்போது 25 வயது. 1876-இல் பீட்டர்ஸ்பர்க் அருகே தார்ஹோவ்காவில் கடற்படை மருத்துவரின் மகனாகப் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் படித்தது சட்டம். 1898-இல் மியூனிக் நகரில் அன்டோன் அஸ்பேயின் ஓவியப் பள்ளியில் சில வாரங்கள் இருந்துவிட்டுத் திரும்பி, தெனிஷெவா இளவரசியின் பயிற்சிக்கூடத்தில் இல்யா ரேபினிடம் சேர்ந்தார். ரேபின் எண்ணெய் வண்ணத்தில் சதையும் துணியும் மூச்சு விடுவதுபோல் தீட்டியவர். அப்படிப்பட்டவரின் மாணவர் நேர் எதிர்த்திசையில் போனதற்கு 1899-இல் நடந்த இரண்டு விஷயங்கள் காரணம். ஒன்று, விக்தர் வாஸ்னெத்சோவின் ‘மூன்று மாவீரர்கள்’ ஓவியத்தைக் கண்காட்சியில் பார்த்துப் பிலிபின் அதிர்ந்துபோனது. இன்னொன்று, அந்தக் கோடையை த்வேர் மாகாணத்தின் யெக்னி என்ற காட்டுக் கிராமத்தில் கழித்தது. வசிலிசாவின் முதல் படங்களும் மற்றக் கதைகளின் முதல் வரைவுகளும் அங்கிருந்துதான் தொடங்கின. படத்தில் இருக்கும் வெண்பட்டை பிர்ச் மரங்களும், தரையில் முளைத்த வெண்புள்ளிச் செங்காளான்களும் ஓவியப் பள்ளியில் கற்றவை அல்ல, யெக்னியின் ஈரக்காடு.

கல்லில் நிறம் ஏறும் விதம்

இனி அச்சு. கல்லச்சு, அதாவது லித்தோ, 1796-இல் பவேரியாவைச் சேர்ந்த அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்தது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே உண்மையின் மேல் நிற்கும் தொழில். பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்லை வழுவழுப்பாகத் தேய்த்து, கொழுப்புக் கலந்த மையால் அதன்மேல் வரைவார்கள். பிறகு வேலம்பிசின் கரைசலில் சில துளி நைட்ரிக் அமிலம் விட்டுக் கல்மேல் பூசுவார்கள். வரையாத இடம் அதன்பின் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். வரைந்த இடம் தண்ணீரைத் தள்ளிவிட்டு மையை வாங்கிக்கொள்ளும். கல்லை நனைத்து, உருளையால் மை ஏற்றி, தாளை வைத்து அழுத்தினால் படம். தாளில் இடமும் வலமும் மாறி விழும் என்பதால் கல்லில் எல்லாமே கண்ணாடிப் பிம்பமாக வரையப்பட்டிருக்க வேண்டும்.

வண்ணப்படம் என்றால் ஒரு நிறத்துக்கு ஒரு கல். முதலில் கோடுகள் மட்டும் உள்ள தலைமைக் கல்லைத் தயாரிப்பார்கள். அதிலிருந்து எடுத்த பிரதியின் ஈர மைமேல் காவிப்பொடி தூவி, அதை மற்றக் கற்களில் லேசாகப் பதிப்பார்கள். காவியில் கொழுப்பு இல்லாததால் அது அச்சில் விழாது. வழிகாட்டிக்கோடாக மட்டும் நிற்கும். மஞ்சள் கல்லில் மஞ்சள் வரும் இடத்தை மட்டும், நீலக் கல்லில் நீலம் வரும் இடத்தை மட்டும் தொழிலாளர் மையால் நிரப்புவார். அதன்பின் ஒரே தாள், எத்தனை கல்லோ அத்தனை முறை அழுத்தத்துக்குள் போய் வர வேண்டும்.

இங்கேதான் சிக்கல். தாள் சும்மா இருக்காது. ஈரப்பதத்துக்கு விரியும், காய்ந்தால் சுருங்கும், அழுத்தம் பட்டால் நீளும். முதல் நிறம் ஈரமான காலையிலும் நாலாவது நிறம் வெயில் ஏறிய பிற்பகலிலும் பதிந்தால், பக்கத்தின் ஒரு மூலையில் பொருந்தும் நிறம் எதிர்மூலையில் விலகி நிற்கும். சிவகாசியில் இன்றும் ‘ரிஜிஸ்டர் போயிடுச்சு’ என்று சொல்வார்களே, அதே நோய்தான். இரண்டு நிறங்கள் நேருக்கு நேர் முட்டும் இடத்தில் மயிரிழை அளவுக்கு வெள்ளைத் தாள் எட்டிப் பார்க்கும். இல்லையென்றால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அழுக்கான மூன்றாவது நிறம் தோன்றும். முகத்தில் உதட்டின் சிவப்பு கன்னத்துக்கு நகர்ந்த பழைய காலண்டர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பிலிபினின் படத்தில் எந்த இரண்டு நிறமும் நேரடியாகத் தொட்டுக்கொள்வது அபூர்வம். நடுவே ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது. வயலுக்கு வரப்பு மாதிரி. வரப்புக்கு இந்தப் பக்கம் ரஷ்யப் பெண்களின் நீள உடுப்பான சரஃபான், அந்தப் பக்கம் காட்டுப்பச்சை. இரண்டு நிறத்தையும் வரப்பின் அடிவரைக்கும் கொஞ்சம் நீட்டிவிட்டால் போதும். கோடு அரை மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் நிறம் கால் மில்லிமீட்டர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கடைசியாக விழும் கறுப்பு எல்லாப் பிசகையும் மூடிவிடும். நோட்டடிக்கும் கூடத்தில் விலகல் ஏற்கெனவே குறைவு. அதற்கு மேல் படமே விலகலைப் பொறுத்துக்கொள்ளும்படி கட்டப்பட்டிருந்தது. இரண்டும் சேர்ந்ததால்தான் 120 ஆண்டு பழைய பிரதியிலும் அந்த விளிம்புகள் நேற்று அச்சானதுபோல் தெளிவாக இருக்கின்றன.

இதன் அருமை தெரிய, அதே காலத்தில் நம் நாட்டில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அங்கே அச்சான லட்சுமியும் சரஸ்வதியும் தமிழ்நாட்டு வீடுகளின் பூஜையறைகள்வரை வந்து சேர்ந்தார்கள். தொழில்நுட்பம் அதே வண்ணக் கல்லச்சுதான். ஆனால் நோக்கம் வேறு. எண்ணெய் ஓவியத்தில் இருக்கும் சதைத் திரட்சியையும் பட்டின் மினுக்கையும் அச்சில் கொண்டுவர வேண்டும். அதற்குக் கறுப்புக் கோடு எதிரி. சாயல் சாயலாகப் புள்ளி வைத்து, பத்துக்கு மேல்கூடக் கற்களைத் தயாரித்து, ஒன்றின் மேல் ஒன்றாக நிறத்தை ஏற்ற வேண்டும். மூல ஓவியத்தைப் பார்த்து எந்தச் சாயலை எந்தக் கல்லில் பிரிப்பது என்று தீர்மானித்தவர் அச்சகக் கலைஞர். அங்கே படத்தின் தரம் அவர் கையில் பாதி இருந்தது. பிலிபின் அந்தத் தீர்மானத்தை அச்சகத்திடம் விடவே இல்லை. மூலத்திலேயே நிறம் தட்டையாக, எல்லை கட்டி, பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. இரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்வி வேண்டாம். ஆனால் அச்சில் குறைவாக இழந்தது எது என்று கேட்டால் பதில் பிலிபின்தான்.

கோட்டின் பின்னால் உள்ள கை

சக ஓவியர்கள் அவரை ‘இரும்புக்கை இவான்’ என்று கூப்பிட்டார்கள். கோடு அப்படி: எங்கும் நடுங்காது, எங்கும் திருத்திய தடம் இருக்காது. பேனாவால் இழுத்த கோடு என்றே பலரும் நினைக்கிறார்கள். இல்லை, தூரிகைக் கோடு. கொலின்ஸ்கி முடித் தூரிகை. சைபீரியாவில் கீரி அளவில் உள்ள ஒரு விலங்கின் வால் முடி. அதன் ஊசிமுனையைக் கத்தரித்து, தச்சனின் உளிபோல் சாய்வான விளிம்பாக்கிக்கொண்டார். ஊசிமுனைத் தூரிகையில் கை லேசாக அழுந்தினாலும் கோடு பருத்துவிடும். உளிவிளிம்பில் தடிமன் முடியின் அகலத்தால் தீர்மானிக்கப்படுகிறது, கையின் அழுத்தத்தால் அல்ல. அதனால் நீண்ட வளைவிலும் கோடு ஒரே சீராக ஓடுகிறது. பேனா நிப்பு தாளின் நாரைக் கீறும், முனையில் மை சிந்தும். தூரிகை அப்படிச் செய்யாது.

வேலை வரிசை கண்டிப்பானது. முதலில் படத்தின் அமைப்பைத் தீர்மானிக்கும் சிறிய வரைவு. பிறகு முழு அளவில், ஒவ்வொரு இலையும் ஒவ்வொரு பூவேலையும் தீர்மானமாகும்வரை டிரேசிங் தாளில் பென்சில் வேலை. அழிப்பது, மாற்றுவது எல்லாம் அந்தத் தாளோடு முடிந்துவிட வேண்டும். அடுத்து அதை வாட்மேன் என்ற தடித்த ஓவியத் தாளுக்கு மாற்றுவது. பிறகு கறுப்பு மையில் கோடு. கடைசியில்தான் நீர்வண்ணம், அதுவும் ஒரு பகுதிக்கு ஒரே நிறம், கரையிலும் நடுவிலும் ஒரே அடர்த்தி.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு எங்கே கெடும் என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல தாளிலேயே பென்சிலால் வரைந்து ரப்பரால் அழித்தால் தாளின் மேல்பசை போய்விடும். அந்த இடம் வண்ணத்தை ஊறவிட்டு, திட்டுத்திட்டாகக் கறுக்கும். டிரேசிங் தாள் அதற்காகத்தான், சோம்பலுக்காக அல்ல. மை தண்ணீரில் கரையாத வகையாக இருக்க வேண்டும், முழுதாகக் காய்ந்திருக்கவும் வேண்டும். இல்லையென்றால் முதல் நிறம் பட்டதுமே கறுப்பு கசிந்து மஞ்சளைச் சாம்பலாக்கும். தட்டை நிறத்துக்குக் கலவையை முன்கூட்டியே தேவைக்கு ஒன்றரை மடங்கு கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதி வானத்தில் கலவை தீர்ந்து, மறுபடி கலந்தால் அதே நிறம் வரவே வராது. பலகையைச் சுமார் 10 முதல் 15 டிகிரி சாய்த்து, மேலிருந்து கீழாக, ஈர விளிம்பு காயுமுன் அடுத்த இழுப்பு. அடியில் தேங்கும் சொட்டை உலர்ந்த தூரிகையால் உறிஞ்ச வேண்டும். விட்டுவிட்டால் அந்தத் தண்ணீர் பின்னோக்கி ஊர்ந்து, காய்ந்ததும் காலிஃபிளவர்போல் பூத்த கறை நிற்கும். சரிசெய்கிறேன் என்று மேலே இன்னொரு பூச்சு போடுவது பெரும்பாலும் கறையை இரண்டாக்கும்.

வடக்கில் கற்றது

1902 முதல் 1904 வரை பீட்டர்ஸ்பர்க்கின் ரஷ்ய அருங்காட்சியக இனவியல் பிரிவுக்காகப் பிலிபின் வட ரஷ்யாவின் வோலக்தா, ஒலொனேத்ஸ், அர்ஹாங்கெல்ஸ்க் மாகாணங்களில் அலைந்தார். மரத்தாலான தேவாலயங்களைப் புகைப்படம் எடுத்தார். பூவேலைத் துண்டுகள், செதுக்கிய நூற்புக்கழிகள், பழைய உடுப்புகள் சேகரித்தார். 1904-இல் ‘கலை உலகம்’ இதழில் வடபுல நாட்டுக்கலையைப் பற்றி நீண்ட கட்டுரையும் எழுதினார்.

இந்தப் பயணத்துக்கு முன்னால் வரைந்ததையும் பின்னால் வரைந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வசிலிசா காலத்துப் படங்களில் மனநிலைதான் ஆள்கிறது: ஈரம், அச்சம், காட்டின் மௌனம். உடுப்பும் ஓரச்சட்டமும் ரஷ்யச் சாயல் கொண்டவை. எந்த ஊர் உடுப்பு என்று கேட்டால் பதில் வராது. 1905-இல் வெளியான புஷ்கினின் ‘சால்த்தான் அரசன் கதை’ படங்களில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஊர் இருக்கிறது, ஒரு நூற்றாண்டு இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டு மாஸ்கோ அரசவையின் உடுப்பையும் அறையையும் அவர் தன் மாயக்கதை உலகத்தின் நிரந்தரக் காலமாக்கிக்கொண்டார். துணியில் உள்ள பூவேலை மனம்போன போக்கில் சுருட்டிய கொடியல்ல; வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் எண்ணித் தைத்த வடபுலத் தையலின் கணக்கு அதில் தெரியும். அலங்காரம் பக்கத்தை நிரப்புவதற்காக வந்ததல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதே புத்தகத்தில் இன்னொரு பக்கம். பீப்பாய்க்குள் அடைக்கப்பட்ட அரசியும் மகனும் நடுக்கடலில். மேலே விண்மீன்கள், கீழே பாயும் அலை. அலையின் நுரை விரல்விரலாகப் பிரிந்து வளைகிறது. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலைப் படத்தைப் பார்த்தவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். பிலிபின் ஜப்பானிய மர அச்சுப்படங்களை விரும்பிக் கற்றவர். அவற்றிலும் கறுப்பு வரைகோடு, தட்டை நிறம், நிறத்துக்கு ஒரு மரக்கட்டை. புஷ்கின் அந்தக் கதையை எழுதியது 1831-இல். ஹொகுசாயின் அலை வெளிவந்ததும் ஏறத்தாழ அதே ஆண்டில். ஒன்றை ஒன்று அறியாத இரண்டு படைப்புகள் எழுபது சொச்சம் ஆண்டு கழித்து ஒரு பக்கத்தில் சந்தித்துக்கொண்டன.

இந்த முறைக்கு ஒரு விலையும் உண்டு. பிலிபினின் முகங்கள் பேசுவதில்லை. மண்டையோட்டு வெளிச்சத்தில் நிற்கும் வசிலிசாவின் முகத்தை மட்டும் தனியே வெட்டி எடுத்தால் அவள் பயப்படுகிறாளா, துணிந்துவிட்டாளா என்று சொல்ல முடியாது. கோட்டுக்குள் அடைத்த தட்டை நிறத்தில் கன்னத்தின் நடுக்கத்துக்கு இடம் இல்லை. அந்த வேலையைக் காடு செய்கிறது, வேலி செய்கிறது, ஓரச்சட்டம் செய்கிறது. பாபா யாகா உரலில் பறக்கும் படத்தில் மட்டும் அவருடைய உருவம் முழுவேகத்தில் நகர்கிறது: காற்றில் பறக்கும் தலைமயிர், ஒரு கையில் உலக்கை, மறுகையில் துடைப்பம். அழகிகளைவிடக் கிழவியை அவர் நன்றாக வரைந்தார் என்பதே என் தீர்ப்பு.

பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1906 ஜனவரியில் ‘ஜுபெல்’ என்ற அங்கத இதழில் அரச சின்னங்கள் சூழ்ந்த கம்பீரமான சட்டத்துக்குள் ஒரு கழுதையை வரைந்து, விலங்கியல் நூல்போல் ‘இயல்பளவில் இருபதில் ஒரு பங்கு’ என்று குறிப்பும் போட்டார். இதழ் மூடப்பட்டது, அவரும் கைதாகி விரைவிலேயே வெளிவந்தார். 1909-இல் மாஸ்கோவில் ஸீமின் நாடக அரங்குக்காக ‘பொற்சேவல்’ இசைநாடகத்தின் அரங்கமைப்பு. 1917 இடைக்கால அரசுக்காக அவர் வரைந்த மகுடமில்லாத இரட்டைத் தலைக் கழுகு, 1992 முதல் 2016 வரை ரஷ்ய மத்திய வங்கியின் நாணயங்களில் இருந்தது. நோட்டடிக்கும் கூடத்தில் தொடங்கியவரின் கோடு கடைசியில் காசிலேயே ஏறிவிட்டது. 1920-இல் நாட்டைவிட்டு வெளியேறி எகிப்து, 1925-இல் பாரிஸ், 1936-இல் மறுபடி லெனின்கிராத், அதாவது பெயர் மாறிய பீட்டர்ஸ்பர்க். ஓவியக் கழகத்தில் பேராசிரியர் வேலை. ஜெர்மானியப் படை நகரை முற்றுகையிட்டபோது வெளியேற மறுத்துத் தங்கினார். 1942 பிப்ரவரி 7 அன்று பட்டினியிலும் குளிரிலும் இறந்தார். ஸ்மொலென்ஸ்க் இடுகாட்டருகே கழகப் பேராசிரியர்களுக்கான பொதுக்குழியில் புதைத்தார்கள்.

பழம்பிரதியும் மறுபதிப்பும்

அந்த நோட்டடிக்கும் கூடம் புரட்சிக்குப் பின் ‘கோஸ்னாக்’ என்று பெயர் மாறியது. சோவியத் காலத்தில் பிலிபினின் கதைகளை அதே கோஸ்னாக் மீண்டும் வண்ணத்தில் அச்சிட்டது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் வெளியிட்ட தமிழ்ப் புத்தகங்களை நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் வாங்கி வளர்ந்த தலைமுறைக்கு ரஷ்யக் கதைப்படங்கள் புதிதல்ல. அந்த நினைவோடு இன்று பழைய புத்தகச் சந்தையிலும் இணையத்திலும் பிலிபின் பிரதியைத் தேடுகிறவர்கள் பலர். ‘1902 மூலப்பதிப்பு’ என்று சொல்லி விற்கப்படும் தாளை எப்படிச் சோதிப்பது?

முதலில் எழுத்தைப் பாருங்கள். ரஷ்ய எழுத்துச் சீர்திருத்தம் 1918-இல் வந்தது. அதற்கு முன் அச்சானவற்றில் மெய்யில் முடியும் சொற்களின் இறுதியில் Ъ என்ற குறி இருக்கும், Ѣ என்ற எழுத்தும் அடிக்கடி வரும். இவை இல்லாத பக்கம் கண்டிப்பாகப் பிந்தைய பதிப்பு. இருந்தாலே மூலம் என்று முடிவுகட்டவும் கூடாது. பழைய பக்கத்தை அப்படியே படமெடுத்து அச்சிட்ட மறுபதிப்புகளும் உண்டு. அடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடியை நிறத்தின்மேல் வையுங்கள். கல்லச்சில் நிறம் முழுப்பரப்பாக இருக்கும், அல்லது ஒழுங்கில்லாத, கையால் வைத்த புள்ளிகளாக இருக்கும். ஆஃப்செட் மறுபதிப்பில் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு நிறப் புள்ளிகள் வரிசை தவறாமல் சின்னச் சின்னப் பூவட்டங்களாக அடுக்கியிருக்கும்.

இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்த ஆண்டு முடிவிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை. பிலிபினுடைய உரிமைக்காலம் 2002 முடிவோடு தீர்ந்துவிட்டது. தமிழில் யார் வேண்டுமானாலும் இந்தப் படங்களோடு கதைகளை வெளியிடலாம். அப்படி வெளியிடுகிறவர்களின் கவனத்துக்கு ஒன்று: இணையத்தில் கிடைக்கும் ஸ்கேனை எடுத்து அப்படியே சிஎம்ஒய்கே என்ற அந்த நான்கு நிற முறைக்கு மாற்றி அச்சகத்துக்கு அனுப்பினால் அந்தக் கறுப்புக் கோடு நான்கு பிளேட்டிலும் பிரிந்து விழும். ரிஜிஸ்டர் துளி நகர்ந்தாலும் கோட்டின் ஒரு பக்கம் சிவப்பு நிழல், மறுபக்கம் நீல நிழல். பிலிபின் எந்த விலகலை மறைக்கக் கோட்டைப் போட்டாரோ, அந்தக் கோடே விலகலைக் காட்டிக்கொடுக்கும். சரியான வழி கொஞ்சம் உழைப்பு கேட்கும். கோட்டைத் தனி அடுக்காகப் பிரித்தெடுத்து, 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி) பிட்மேப்பாக, அதாவது சாயலே இல்லாத கறுப்பு-வெள்ளைப் படமாக, கறுப்பு பிளேட்டில் மட்டும், கீழே உள்ள நிறத்தை வெட்டாமல் மேலே விழும்படி ஓவர்பிரின்ட் வைக்க வேண்டும். நிற அடுக்கு 300 டிபிஐ போதும். ஆனால் நிறத்தைக் கோட்டின் விளிம்போடு நிறுத்தாமல் கோட்டுக்கு அடியில் நீட்டிவிட வேண்டும். தாள் மஞ்சளித்த ஸ்கேனில் தானியங்கி வண்ணத்திருத்தத்தை ஓட்டாதீர்கள். வெண்மையைத் தேடும் மென்பொருள் காட்டின் பழுப்பையும் சேர்த்து நீலமாக்கிவிடும். கையில் வரும் முதல் புரூஃபில் லூப்பை வசிலிசாவின் முகக்கோட்டின்மேல் வையுங்கள். அங்கே ஒரே கறுப்பு தெரிந்தால் மெஷினை ஓட்டச் சொல்லலாம்.